பத்துக் கிலோவுக்குக் கீழே

கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்திருந்தது.
லாபிஸ் கிளினிக்கில் விளக்கைச் சாய்த்துப் பார்த்த
பல் டாக்டர் ஹஸ்லினா
ராத்திரியில் எதைக் கடிக்கிறீர்கள் காக் என்றாள்.
முறுக்கு, ஐஸ்கட்டி, நண்டு ஓடு
எல்லாவற்றையும் யோசித்துவிட்டு
ஒன்றுமில்லை என்றேன்.
வாயில் குழாய் இருந்ததால்
அது ஊளை மாதிரி வந்தது.
தூக்கத்தில் கடிக்கிறீர்கள். ஸ்திரெஸ்.

எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர்.

மூன்று கிராணி பார்த்த எடைமேடை
எனக்கு ஒருத்திக்கென்று ஆனபோது
ஆலை மேனேஜர் சொன்னார்:
பல்லைக் கடிச்சுக்கிட்டு இரும்மா, பெருவிளைச்சல் முடியட்டும்.
நாத்தனார் கடனுக்கு ஜாமீன் போட்டு
அவள் போன் நம்பரை மாற்றிக்கொண்ட பிறகு
சிங்கப்பூரிலிருந்து குணாளன் சொன்னான்,
ஞாயிற்றுக்கிழமை, வீடியோவில், சட்டை போடாமல்:
ரெண்டு வருஷம்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு.

இருந்தேன்.
சொன்ன சொல்லை
தூக்கத்திலும் தட்டாதவள்.

இப்போது நினைத்தால் பல் மட்டுமில்லை.
மூன்று மணிக்கு விழிப்பு வரும், சரியாக மூன்று பத்துக்கு,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல.
அடிக்காத போனை எடுத்துப் பார்ப்பேன்.
ஒரே மாதத்தில் மூன்று போத்தல் கிச்சாப் வாங்கி வைத்திருக்கிறேன்,
ஒன்றும் திறக்கவில்லை.
கழுத்தின் இடப்பக்கம் ஒரு கயிறு.
குளியலறைச் சல்லடையில் முடி.
பிரஷர் பார்த்த மிஸ்ஸி
நூற்று ஐம்பத்தெட்டு என்றாள்,
ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள், மறுபடி பார்ப்போம் என்றாள்.
அந்தச் சும்மாதான் வரவில்லை.
எழுந்து போய்
சுவரில் இருந்த கொசு போஸ்டரை மூன்று மொழியிலும் படித்தேன்.

இதெல்லாம் டாக்டரிடம் சொன்னேன்.

போன புதன்கிழமை
மைலோவைக் கொட்டிய கவினேஷை அறைந்ததைச் சொல்லவில்லை.
எட்டு வயது. அழவில்லை அவன்.
பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

பிடுங்கினார்கள். இரவில் மாட்டிக்கொள்ள
பிளாஸ்டிக் உறை ஒன்று செய்து தருவார்களாம்,
மார்ச் மாதம் வரச் சொல்லிச் சீட்டு.
இது நவம்பர்.
அதுவரைக்கும்?
உதடு சேரட்டும் காக், பல் சேர வேண்டாம்,
ஞாபகம் வரும்போதெல்லாம், என்றாள்.

ஞாபகம் வந்தது இரவு ஷிப்டில்.
செம்பனைக் குலைகளோடு ஒரு லாரி ஏறும்,
எழுதுவேன்.
கொட்டிவிட்டு அதே லாரி வெறுமனே திரும்பும்,
எழுதுவேன்.
இரண்டுக்கும் இடைப்பட்டதற்குத்தான் காசு.
பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு எண்பது லாரி.
இறக்கிவிட்டுப் போகிறவர்களின் முகத்தை
கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன்;
கொட்டாவி விடுவார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

இரண்டு மணிக்கு வரிசை ஓய்ந்தது.
ஆலையின் புளித்த எண்ணெய் வாடை
ஈரத்தோடு தரையில் படுத்திருந்தது.
கைப்பையில் டிஷ்யூவில் சுற்றிய பல்லை
எடைமேடையின் நடுவில் கொண்டுபோய் வைத்தேன்.

பூஜ்யம்.

பத்துக் கிலோவுக்குக் கீழே
இந்த எந்திரத்துக்கு எதுவும் தெரியாது.
அதன் மேல் தப்பில்லை, லாரிக்காகச் செய்தது.

பல்லை எடுத்துக்கொண்டு நானே நின்றேன்.
ஜன்னலுக்குள் சிவப்பு எண்
அறுபது என்றது.
எழுபது என்றது.
யோசித்து மறுபடி அறுபது.
எழுபது.

ஹாரன் சத்தம். பாக் லெமான் தலையை வெளியே நீட்டி
எவ்வளவு என்று கேட்டுச் சிரித்தார்.
இன்னும் முடிவாகலை என்றேன்.
நானும் சிரித்திருப்பேன் போல,
தையல் போட்ட இடம் இழுத்தது.

விடிந்து வீட்டுக்கு வந்தேன்.
செருப்பைக் கழற்றக்கூட இல்லை.
தூங்கிக்கொண்டிருந்தவனின் பக்கத்தில் மண்டியிட்டு
கன்னத்தருகே காதை வைத்து
கேட்டுக்கொண்டிருந்தேன்.